பம்பாய் பிளேக் கணக்கு: மிச்சம் ஒன்பதரை லட்சம் பேர் எங்கே?

கரும்பலகை கேட்டது:

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வகுப்புக்கு வகைக்கெழுச் சமன்பாடு நடத்துகிறேன். பதினெட்டு வருடமாக அதே பாடம், கிட்டத்தட்ட அதே சாக்பீஸ் டப்பா. கோவிட் வந்ததிலிருந்து வருடத்துக்கு ஒரு பிராஜெக்ட்டாவது எஸ்.ஐ.ஆர். மாடலில் வந்துவிடுகிறது. நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், போன புதன்கிழமை வரைக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஊர் ஜனத்தை மூன்று பெட்டியாகப் பிரிக்க வேண்டும். நோய் இன்னும் வராதவர்கள், நோயோடு இருப்பவர்கள், குணமாகியோ செத்தோ ஆட்டத்தை விட்டு விலகியவர்கள். முதல் பெட்டியும் இரண்டாம் பெட்டியும் உரசிக்கொள்ளும்போது நோய் பரவுகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு நிலையான வேகத்தில் ஆட்கள் போகிறார்கள். 1927ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது இது. அந்தக் கட்டுரையில் நிஜமான தரவு என்று இருப்பது ஒரே ஒரு படம்தான்: 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாய்த் தீவில் வாரா வாரம் பிளேக்கில் செத்தவர்களின் எண்ணிக்கை. அதன் மேல் ஒரு கோடு, புள்ளிகளை அழகாகத் தொட்டுக்கொண்டு போகும். கோட்டின் சூத்திரம்:

வாரச் சாவு = 890 × செக்²(0.2 வா − 3.4)

'செக்' என்பது ஹைப்பர்பாலிக் சீகன்ட், மணி வடிவத்தில் ஏறி இறங்கும் ஒரு சார்பு. 'வா' என்பது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது வாரம். 17ஆம் வாரத்தில், அதாவது 1906 ஏப்ரல் நடுவில், உச்சி. முழுவதையும் கூட்டினால் 8,900 சாவு.

இந்தப் படத்தை நான் வருடா வருடம் போர்டில் வரைந்து, 'பாருங்கள், மூன்று சமன்பாடு, ஒரு மாநகரமே உள்ளே அடங்கிவிட்டது' என்று சொல்வது வழக்கம். இந்த வருடம் ஒரு பையன், கடைசி பெஞ்சுதான், அந்த 890, 0.2, 3.4 மூன்றையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறான். நோயாளி ஒருவர் சராசரியாக ஒரு வாரம் நோயைப் பரப்புகிறார் என்று வைத்துக்கொண்டான். ஒருவரிடமிருந்து நேராக எத்தனை பேருக்குத் தொற்றும் என்கிற ஆர்-நாட் 1.4 வந்தது. முதல் வாரம் 4 நோயாளிகள். அதுவரை சரி. ஆனால் தொடக்கத்தில் முதல் பெட்டியில் இருந்தவர்கள் சுமார் 22,000 பேர்தான் என்று வந்தது.

1906 கணக்கெடுப்பில் பம்பாயின் ஜனத்தொகை 9,77,822. "மேடம், மிச்சம் ஒன்பதரை லட்சம் பேர் எங்கே?" என்று கேட்டான்.

நான் "மற்றவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இருந்திருக்கும்" என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே எனக்குக் கூசியது. பத்து வருடத்துக்கு முன்னால்தான், 1896ல், அந்த ஊருக்குள் வந்த நோய். வந்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் செத்துப்போகிற நோய். பிழைத்து எதிர்ப்பு சக்தியோடு ஒன்பதரை லட்சம் பேர் எப்படி இருக்க முடியும்? அவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவன் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தேன், தப்பில்லை. அப்படியானால் கோடு ஏன் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது?

---

அரைகுறை இயற்பியல் பதில்:

மேடம், பையன் கணக்கு சரி. அவன் வைத்துக்கொண்ட 'ஒரு வாரம்' இருக்கிறதே, அதில்தான் விஷயம்.

சூத்திரத்தில் மூன்று எண்கள். மாடலில் தெரியாதவை நான்கு: எத்தனை பேர் முதல் பெட்டியில், எத்தனை பேர் இரண்டாவதில், உரசும் வேகம், விலகும் வேகம். மூன்று சமன்பாட்டில் நாலு தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட முடியாது என்று சொல்லிவிடும். நாம் மட்டும் கோடு புள்ளியைத் தொட்டதும் மயங்கிவிடுகிறோம்.

விலகும் வேகத்தை 'வி' என்று வைத்து (வாரத்துக்கு இத்தனை பங்கு), உங்கள் சூத்திரத்திலிருந்து முதல் பெட்டியின் அளவை நான் எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ இப்படி வருகிறது:

முதல் பெட்டி = 11,125 × (வி + 0.8 + 0.16/வி)

வி = 1 என்று போட்டால் உங்கள் பையனின் 21,800. இரண்டு நாள்தான் நோய் பரப்புகிறார் என்றால் வி = 3.5, பெட்டியில் 48,300 பேர், ஆர்-நாட் 1.11. இந்தக் கோவையின் மிகச் சிறிய மதிப்பு வி = 0.4ல் வருகிறது, 17,800. அதற்குக் கீழே போகாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும்.

அப்புறம் ஒரு வேடிக்கை செய்தேன். பெட்டியில் பம்பாய் முழுவதையும் போட்டேன், 9,77,822. வி சுமார் 87 வந்தது. அதாவது ஒரு நோயாளி நோயைப் பரப்பும் காலம் இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு! காலையில் காய்ச்சல், காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்தது. ஆர்-நாட் 1.005க்குக் கீழே.

இத்தனைக்கும் கோடு அதே கோடு. ஒரு புள்ளிகூட நகரவில்லை. 22,000 பேர் ஒரு வாரம் என்றாலும், பத்து லட்சம் பேர் இரண்டு மணி நேரம் என்றாலும், அந்த மணி வடிவத்துக்கு வித்தியாசம் தெரியாது. பொருத்தம் பார்த்ததில் பத்துக்குப் பத்து, ஆனால் மாப்பிள்ளை யார் என்று ஜாதகத்தில் இல்லை.

---

தெள்ளுப்பூச்சி பதில்:

டீச்சர் அம்மா, எனக்குக் கணக்கு வராது. நான் சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் ஓசூர்ப் பக்கம் எலி பிடித்தேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அது சம்பளத்தோடு கூடிய வேலைதான். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கிற அந்த மூலை பழைய பிளேக் பூமி. சாயங்காலம் பொறி வைத்து, காலையில் பிடிபட்ட எலியைத் துணிப்பையோடு மயக்கி, வெள்ளை எனாமல் தட்டில் வைத்து சீப்பால் வாரி, தெள்ளுப்பூச்சி எத்தனை விழுகிறது என்று எண்ணுவோம். எலிக்கு ஒன்றுக்கு மேல் போனால் மேலிடத்துக்குத் தகவல் போகும்.

நீங்கள் மூவரும் (அந்தப் பையனையும் சேர்த்துத்தான்) மனிதனிலிருந்து மனிதனுக்கு என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நெறி கட்டும் பிளேக் அப்படிப் பரவுவதில்லை. 1898லேயே கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் எலியிலிருந்து எலிக்குத் தெள்ளு மூலம் போகிறது என்று செய்து காட்டினார். அப்போது அவரை யாரும் நம்பவில்லை. பின்னால் பம்பாயில் பிளேக் ஆராய்ச்சிக் குழு 1905லிருந்து உட்கார்ந்து ஊர் முழுக்கச் செத்த எலிகளைச் சேகரித்துப் பார்த்தது. உங்கள் படத்தில் இருக்கிற அதே மாதங்கள்! அவர்கள் கண்டது: முதலில் சாக்கடையில் வாழும் பெரிய பழுப்பு எலிகள் சாகின்றன. சுமார் பத்து நாள் கழித்து வீட்டுக்குள் இருக்கும் கருப்பு எலிகள். அதிலிருந்து பத்து நாள், இரண்டு வாரம் கழித்து மனிதர்கள்.

எலி செத்ததும் அதன் உடம்பு ஆறிப்போகும். தெள்ளு அங்கே இருக்காது, வேறு எலியைத் தேடும். எலியே மிச்சமில்லாவிட்டால்தான் மனிதக் காலில் ஏறும். மனிதன் அதற்கு இரண்டாம் பந்தி. 'எலி விழுந்தால் வீட்டைக் காலி பண்ணு' என்று எங்கள் பாட்டி சொன்னது எந்தக் குழுவின் அறிக்கையும் படித்துவிட்டு அல்ல. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது, தெரியும்தானே.

ஆகவே அந்த 22,000 மனிதர்களே இல்லை அம்மா. பையன் எலிகளின் கணக்கைப் போட்டுவிட்டு அதில் மனிதர்களைத் தேடுகிறான்.

இன்னொன்று. உங்கள் கோடு ஏப்ரலுக்குப் பிறகு இறங்குகிறது. பெட்டி காலியானதால் இறங்குகிறது என்பது உங்கள் மாடல். பம்பாயில் அந்த வருடங்களில் பிளேக் வருடா வருடம் குளிர்காலத்தில் ஏறி, வெயில் முற்றியதும் இறங்கியது. வெயில் ஏறினால் தெள்ளு குறையும், நோயைக் கடத்தும் திறனும் குறையும். நான் எனாமல் தட்டில் பார்த்தது இது. ஜனவரியில் வாரினால் தட்டு முழுக்கத் துள்ளும், மே மாதம் வாரினால் முடிதான் விழும்.

---

அரைகுறை இயற்பியல்:

ஐயா, எலி விஷயத்தைக் கோட்டை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு திருத்தம், கட்டுரை எழுதியவர்கள் பக்கம் நின்று. அவர்கள் இதை மறைக்கவில்லை. படத்தை ஒட்டியே எழுதியிருக்கிறார்கள்: மனித பிளேக் என்பது எலி பிளேக்கின் பிரதிபலிப்பு, தீவின் எலிகள் எல்லாம் ஒரே அளவில் நோய்க்கு ஆட்படுபவை, எல்லாவற்றுக்கும் சமமான வாய்ப்பு, வேகங்கள் மாறவில்லை, தெள்ளு ஏராளம், ஆகவே நேரடித் தொற்று போலவே நடக்கிறது என்றெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறோம், இவற்றில் எதுவும் முழுசாக உண்மை இல்லை, ஆகவே இது மிகத் தோராயமான சமன்பாடுதான். பாடப்புத்தகக்காரர்கள் படத்தை வெட்டி எடுக்கும்போது அந்தப் பத்தியை அங்கேயே விட்டுவிட்டார்கள். நூறு வருடமாகப் படம் மட்டும் ஊர் சுற்றுகிறது.

2012ல் நிக்கோலா பகாயேர் என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்தப் பழைய படத்தைத் திரும்ப எடுத்து, எலி, தெள்ளு, பருவம் மூன்றையும் சேர்த்து எழுதினார். மேடத்தின் மாணவர் கேட்ட கேள்வியின் அக்கம்பக்கம்தான் அவரும் தொடங்கினார். அதைப் பையனிடம் சொல்லுங்கள், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

---

முதலாண்டு பதில்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும், பொருந்தினாலும் தப்பு என்றால், இந்த மாடலை எதற்குப் படிக்கிறோம்? எனக்கு அடுத்த வாரம் இதில் உள்மதிப்பீட்டுத் தேர்வு. நிஜமாகவே கேட்கிறேன்.

---

கரும்பலகை:

முதலாண்டு, இதற்கு நான் பதில் சொல்கிறேன். நேற்று இரவு மெக்கென்ட்ரிக் பற்றித் தேடிப் போய் எனக்கே ஒன்று கிடைத்தது.

இந்த மனிதர் கணிதப் பேராசிரியர் இல்லை. ராணுவ வைத்தியர், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று காட்டிய ரொனால்ட் ராஸோடு 1901ல் சியரா லியோனுக்குப் போனார், ராஸ் சொல்லித்தான் கணக்குப் படிக்க ஆரம்பித்தார். கசௌலியில் பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தார். கூட எழுதிய கெர்மாக் வேதியியலர். 1924ல் ஆய்வுக்கூட விபத்தில் இரண்டு கண்ணும் போனது, அப்போது வயது 26. அதற்கு மூன்று வருடம் கழித்துதான் நாம் பேசும் கட்டுரை. (இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சமன்பாட்டையும் மனசில் முழுசாக வைத்திருக்க முடியவில்லை.)

விஷயம் இதுதான். 1926ல் மெக்கென்ட்ரிக் தனியாக எழுதிய கட்டுரையில் இந்திய கிராமம் ஒன்றின் காலரா கணக்கு இருக்கிறது. மொத்தம் 223 வீடு. 168 வீட்டில் யாருக்கும் வரவில்லை. 32 வீட்டில் ஒருவருக்கு, 16 வீட்டில் இரண்டு பேருக்கு, 6 வீட்டில் மூன்று பேருக்கு, ஒரு வீட்டில் நாலு பேருக்கு. அவ்வளவுதான் தரவு, ஐந்து எண்.

தற்செயலாக வந்திருந்தால் பாய்சான் பரவலில் (தற்செயலாக நடப்பவை எத்தனை இடத்தில் எத்தனை தடவை வரும் என்று சொல்லும் கணக்கு) இருக்க வேண்டும். ஆனால் சைபர் வீடுகள் மிக அதிகம். அவர் என்ன செய்தார் என்றால், அந்த 168ஐ ஒதுக்கி வைத்துவிட்டு, நோய் வந்த 55 வீட்டின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 'இப்படி ஒரு பாய்சான் வர வேண்டுமானால் மொத்தம் எத்தனை வீடு ஆபத்தில் இருந்திருக்க வேண்டும்' என்று கேட்டார். மொத்த நோயாளிகள் 86. ஒவ்வொரு வீட்டிலும் நோய் வந்தவர்களின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, எல்லா வீட்டுக்கும் கூட்டினால் 166. 86ஐ வர்க்கப்படுத்தி, 166ல் 86 போக மீதி 80ஆல் வகுத்தால் 92.45. ஆக 93 வீடு என்று வைத்தார். மிச்சம் 130 வீட்டுக்கு நோய் எட்டவே இல்லை.

ஒரே ஊரில் 93 வீட்டுக்கு ஆபத்து, 130 வீட்டுக்கு இல்லை என்றால்? அவர் சொன்னது: நோய் தண்ணீரில் வந்திருக்கும், ஊரில் பல கிணறு இருக்கும், அதில் ஒரு கிணறு கெட்டிருக்கும், அந்த 93 வீடும் அங்கே தண்ணீர் எடுக்கிறவை. அப்புறம் அங்கே விசாரித்துப் பார்த்ததில் அப்படித்தான் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

இன்று காலை முதல் பீரியடில் இந்த ஐந்து எண்ணையும் போர்டில் எழுதிவிட்டு, காலரா என்றும் சொல்லாமல், "எதாவது தெரிகிறதா" என்றேன். ராஜபாளையத்திலிருந்து வருகிற ஒரு பெண், கணக்கே போடாமல், "ரெண்டு தெரு போல மேம், ஒரு தெருவுக்கு ஒரு குழாய்" என்றாள்.

ஆகவே உள்மதிப்பீட்டில் என்ன எழுதுவீர்களோ தெரியாது, எனக்கு இந்த இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் தெரிகிறது. பம்பாய்க் கோடு நம்மை எங்கேயும் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை, நாமும் போகவில்லை. இது ஒரு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. கோட்டைப் பொருத்திவிட்டால் 'பாருங்கள்' என்று போர்டைத் தட்டுவதை மட்டும் நான் இனிமேல் நிறுத்திக்கொள்கிறேன்.

---

கரும்பலகை (நான்கு நாள் கழித்து):

நிலவரம் சொல்ல வந்தேன். பையன் மூன்று கோடு வரைந்துவிட்டான்: இரண்டு மணி நேரம், இரண்டு நாள், ஏழு நாள். அந்த 890 சூத்திரத்தில் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டது, எதிர்பார்த்ததுதான். மூல சமன்பாடுகளையே கணினியில் தீர்த்தபோது ஏழு நாள் கோட்டின் உச்சி மட்டும் 990ஐத் தொட்டது. அந்தச் சூத்திரம் ஆர்-நாட் ஒன்றை ஒட்டி இருக்கும்போதுதான் துல்லியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் பெட்டியைக் கொஞ்சம் குறைத்ததும் அதுவும் வழிக்கு வந்தது.

தெள்ளுப்பூச்சி ஐயா சொன்ன வெயிலைச் சேர்க்கப் போய் நான்தான் மூக்குடைபட்டேன். பரவும் வேகம் பருவத்தோடு ஏறி இறங்கட்டும் என்று ஒரு சைன் அலை கொடுத்து, சுற்றுக் காலத்தை 12 என்று போட்டுவிட்டேன். நிரல் ஓடுவது வாரக் கணக்கில். 52 போட்டிருக்க வேண்டும். வருடத்துக்கு நாலு கோடை வந்து, பம்பாயில் பிளேக் நாலு தடவை ஏறி இறங்கியது. "மேடம், இது நம்ம ஊர் வெயில்" என்றான் அதே பையன். புதன்கிழமை உட்கார்ந்த பையன் இப்போது கிண்டல் பண்ணுகிறான், அது போதும்.

52 போட்ட பிறகு பெட்டி காலியாகாமலேயே கோடு ஏப்ரலுக்குப் பிறகு இறங்குகிறது. ஐயாவுக்கு நன்றி. இப்போது எலியைச் சேர்க்க வேண்டும் என்கிறான். எலிக்கு ஒரு பெட்டித் தொகுதி, மனிதருக்கு ஒன்று, நடுவில் தெள்ளு என்று வரைந்து காட்டினான். சரியா ஐயா?

---

தெள்ளுப்பூச்சி:

எலிக்கு ஒன்று போதாது அம்மா, இரண்டு வேண்டும். சாக்கடை எலி தனி, வீட்டு எலி தனி. நடுவில் பத்து நாள் இடைவெளி இருக்கிறது, ஒன்றாகப் போட்டால் அது காணாமல் போய்விடும். தெள்ளுக்கு மே மாதம் பெட்டியைச் சுருக்கச் சொல்லுங்கள். எலிக்குப் பிரசவமும் சேர்க்கச் சொல்லுங்கள், செத்த இடத்தை அடுத்த குளிருக்குள் குட்டிகள் நிரப்பிவிடும். அதனால்தான் அடுத்த வருடமும் வந்தது.

படத்தில் தெள்ளிலிருந்து மனிதப் பெட்டிக்கு அம்பு வரட்டும். மனிதப் பெட்டியிலிருந்து எங்கேயும் அம்பு போகக்கூடாது.